டயாலிசிஸ் நோயாளியின் சுயபராமரிப்பை அளப்பது எப்படி?

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் சிறுநீரகம் செயலிழந்தவர்கள் டயாலிசிஸுக்காக முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, தனியார் மையங்களுக்கோ, புதுச்சேரிக்கோ சென்று வருகிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இச்சிகிச்சையும் உண்டு. வாரம் மூன்று முறை, நான்கு மணி நேரம் வீதம் செய்தாலும் மொத்தம் 12 மணி நேரம்தான். மீதி 156 மணி நேரமும் நோயாளி குடும்பத்தாரின் கண்முன்னே இருக்கிறார்.

அந்த நேரத்தில் அவர் தம்மை எப்படிக் கவனித்துக்கொள்கிறார் என்பதை அளக்க ஆய்வாளர்கள் வினாத்தாள்களைப் பயன்படுத்துகிறார்கள். தைவானில் உருவான ஒன்றில் 20 கேள்விகள். உணவுக் கட்டுப்பாட்டோடு, பிரச்சினை வந்தால் காரணம் தேடுகிறாரா, மருத்துவரிடம் தயங்காமல் கேட்கிறாரா, மனச்சுமையை எப்படிச் சமாளிக்கிறார் என்பதையும் அது பார்க்கிறது. ஆனால் "தண்ணீரைக் குறைத்துத்தான் குடிக்கிறேன்" என்று வாயால் சொல்வது எளிது. எடை இயந்திரத்திடம் அது செல்லாது.

ஒரு டயாலிசிஸ் முடிந்தபோது இருந்த எடையையும் அடுத்ததற்கு முந்தைய எடையையும் ஒப்பிடுங்கள். ஒரு கிலோ கூடியிருந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் தேங்கியிருக்கிறது. நீர் வடிந்த எடை 50 கிலோ உள்ளவருக்கு இரண்டு கிலோவுக்கு மேல் ஏறாமலிருப்பது நல்லது. அதிகம் ஏறினால் மூச்சுத் திணறும். அவ்வளவு நீரையும் ஒரே தடவையில் இழுக்கும்போது இரத்த அழுத்தம் இறங்கும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

உப்புத் தின்றவன் தண்ணீர் குடித்தே ஆகவேண்டும். ஆகவே கருவாடு, ஊறுகாய், அப்பளத்தில்தான் கட்டுப்பாடு தொடங்குகிறது. 'சோடியம் குறைந்த உப்பு' என்று கடையில் கிடைப்பதில் பெரும்பாலும் பொட்டாசியம் கலந்திருக்கும். இவர்களுக்கு அது ஆபத்து.

ரமளானில் கூடுதல் கவனம் தேவை. நோயாளிக்கு மார்க்கம் நோன்பில் சலுகை தந்திருக்கிறது. மருத்துவரைக் கேட்காமல் நோன்பு வைக்க வேண்டாம். நோன்பு வைக்காதவரும் இஃப்தாரில் நம்மோடு உட்காருவார் அல்லவா? நோன்புக் கஞ்சியும் சர்பத்தும் அன்றைய தண்ணீர்க் கணக்கில் சேரும். பேரீச்சம்பழம், இளநீர், வாழைப்பழத்தில் பொட்டாசியம் அதிகம். அது இரத்தத்தில் மிகுந்தால் இதயத் துடிப்பே நின்றுபோகலாம்.

கையில் ஃபிஸ்டுலா உள்ளவர் தினமும் காலையில் அதன்மேல் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். அதிர்வு தெரியாவிட்டால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கவோ, பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கவோ விடக்கூடாது.

ஒரு நோட்டில் தேதி, எடை, அதிர்வு, தவறிய டயாலிசிஸ், அதற்கான காரணம் ஆகியவற்றை எழுதி, ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் காட்டுங்கள். பாஸ்பரஸ் மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டாரா என்பதையும் அதிலேயே குறிக்கலாம்; சாப்பிட்டு வெகுநேரம் கழித்துப் போட்டால் அது வேலை செய்யாது.