நெய்வேலியின் நீர்க்கணக்கு

நெய்வேலியின் வரலாறு நிலக்கரியில் தொடங்கவில்லை, நீரில் தொடங்கியது. 1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் பாசனத்திற்காகக் கிணறு தோண்டியபோது, ஊற்றுநீரோடு கருநிறப் பொருளொன்றும் மேலே வந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி என்று பின்னர் அறியப்பட்டது. நீரைத் தேடியவருக்குக் கரி கிடைத்தது. கரியைத் தேடி வந்தவர்களோ இன்றுவரை நீரோடு போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

எலவனாசூர்கோட்டையிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றன நெய்வேலிச் சுரங்கங்கள். கல்வெட்டுகளில் இறையானரையூர் எனப்படும் இவ்வூர் கடினப்பாறை நிலத்தில் அமைந்தது. இங்கே மழைநீரை ஏரியில் தேக்கினால்தான் வேளாண்மை. உளுந்தூர்ப்பேட்டையைத் தாண்டிக் கிழக்கே செல்லச் செல்லப் பாறை மறைந்து, கடலூர் மணற்கல் தலைகாட்டுகிறது. மழைநீரை உள்வாங்கி ஆழத்தில் சேமித்து வைக்கும் நிலம் அது. அந்தச் சேமிப்பின் நடுவேதான் சுரங்கம் வெட்டப்பட்டது.

1956இல் நிறுவனம் உருவாயிற்று. 1957 மே மாதத்தில் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் கரிப்படுகை வெளிப்பட்டது. படுகைக்குக் கீழிருந்த நீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் வரையிலான அழுத்தத்தில் அடைபட்டுக் கிடந்தது. மேலுள்ள மண்ணை அகற்றிவிட்டு வாளாவிருந்தால், அந்நீர் படுகையைப் பிளந்துகொண்டு குழியை நிரப்பிவிடும். ஆகவே சுற்றிலும் ஆழ்குழாய்க் கிணறுகள் அமைத்து இரவும் பகலும் நீரை இறைத்து அழுத்தத்தைத் தணிக்க வேண்டும். சுரங்கம் உள்ளவரை இந்த இறைப்பு நிற்க இயலாது.

எவ்வளவு நீர்? ஒரு டன் கரிக்குப் பத்து டன்னுக்கும் மேல் நீர் என்று ஒரு விகிதம் பலகாலமாக வழங்கிவருகிறது. அதை ஆண்டுக் கரி உற்பத்தியால் பெருக்கி விடை கூறுவோர் உண்டு. நாம் அவ்வழியில் செல்ல வேண்டியதில்லை. இறைக்கும் நீரின் அளவு, வெட்டும் கரியின் எடையைப் பொறுத்ததன்று. நிலத்தடி அழுத்தத்தையும் குழியின் பரப்பையும் ஆழத்தையும் பொறுத்தது. கரி வெட்டாத நாளிலும் இறைப்பான்கள் ஓடும். எனவே நிமிடக் கணக்கே நேர்வழி. நிமிடத்திற்கு ஒரு லட்சம் லிட்டர் என்று ஓர் அளவுகோல் வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 14.4 கோடி லிட்டர். ஆண்டுக்கு 5,256 கோடி லிட்டர். 1,465 மில்லியன் கன அடி கொள்ளும் வீராணம் ஏரியை ஒன்றேகால் முறை நிரப்பும் நீர் இது. இறைப்பு எத்தனை லட்சமோ அத்தனை மடங்காக இதைப் பெருக்கிக்கொள்ளலாம்.

இறைத்த நீர் அனைத்தும் அழிந்துவிடுவதில்லை. அனல்மின் நிலையத்தின் குளிர்கோபுரத்தில் ஆவியாவது மீளாது. மணிக்கு ஒரு மெகாவாட் மின்சாரத்திற்கு 3.5 கன மீட்டர் என்பது பழைய நிலையங்களுக்கு 2015இல் மத்திய அரசு விதித்த உச்சவரம்பு. ஆயிரம் மெகாவாட் நிலையம் முழுத்திறனில் இயங்கினால் அவ்வரம்புக்குள்ளேயே நாளொன்றுக்கு 8.4 கோடி லிட்டர் எடுத்துக்கொள்ளலாம். எஞ்சிய நீரில் ஒரு பகுதி குடிநீராகிறது. ஒரு பகுதி பரவனாற்றை அடைகிறது.

இங்கேதான் கணக்கு சிக்கலாகிறது. மழைக்கால ஆறான பரவனாறு, சுரங்கநீரால் கோடையிலும் ஓடுகிறது. வாலாஜா ஏரியும் பெருமாள் ஏரியும் அந்நீரைப் பெறுகின்றன. அவற்றின் ஆயக்கட்டு உழவர்க்கு அது வாழ்வு. அதே நீர் கரித்துகளையும் சுமந்து வருகிறது என்பது அவர்களின் நெடுநாள் முறையீடு. மறுபுறம், சுற்றுப்புறச் சிற்றூர்களில் ஊற்றாகப் பொங்கிய கிணறுகள் வற்றி, ஆழ்துளைக் குழாய்கள் ஆண்டுதோறும் கீழிறங்கின. ஒருவர் வயலுக்குப் பாயும் நீர் மற்றொருவர் கிணற்றிலிருந்து போனது. ஆற்றில் நீரோட்டத்தை மட்டும் அளந்தால் ஆதாயம் தெரியும். கிணற்றை மட்டும் அளந்தால் இழப்பு தெரியும். இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதினால்தான் உண்மை தெரியும்.

சுரங்கம் ஆற்றின் நீரை மட்டுமன்றி அதன் வழியையும் மாற்றியது. 2023 ஜூலையில் பரவனாற்றின் மாற்றுப்பாதைக்காக வளையமாதேவியில் பயிர் நின்ற வயல்களில் இயந்திரங்கள் இறங்கின. கதிர் முற்றும்வரை பொறுக்கலாகாதா என்று உயர்நீதிமன்றத்தில் கேள்வி எழுந்தது. பயிரிழப்புக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்க உத்தரவாயிற்று. பயிருக்கு விலை கூறிவிடலாம். ஆறு இடம்பெயர்ந்ததற்கு எந்த அளவில் விலை கூறுவது?

உத்திரமேரூர்ச் சபை ஏரிக்கென்று தனி வாரியம் வைத்திருந்ததைப் பெருமையோடு பேசுகிறோம். கண்ணுக்குத் தெரிந்த நீரைக் காத்த மரபு அது. கண்ணுக்குத் தெரியாத நீருக்கும் அத்தகைய வாரியம் தேவைப்படுகிற காலம் இது. இறைத்தது, ஆவியானது, ஆற்றில் விட்டது, நிலத்துக்குத் திரும்பியது ஆகிய நான்கையும் மாதந்தோறும் ஊர்ச் சபையில் படித்துக் காட்டினால் போதும். மக்கள் தாமே கூட்டிக் கழித்துக்கொள்வார்கள்.

ஒருநாள் கரி தீரும், இறைப்பான்கள் நிற்கும். அன்று பரவனாறு மீண்டும் மழையை நம்பியே ஓட வேண்டும். நிலத்தடி நீர் தன் பழைய மட்டத்துக்கு ஏறக் காலம் பிடிக்கும். அந்த இடைக்காலத்தில் ஏரிக்கரை உழவர் எந்நீரைக் கொண்டு நாற்று விடுவார் என்பதற்கான விடையை, கரி இருக்கும்போதே எழுதிவைக்க வேண்டும்.