பர்மா: போர்கள் கலைத்து அடுக்கிய சமூகம்

பர்மா (1989 முதல் மியான்மர்), ஐராவதி ஆற்றுச் சமவெளியும் அதைச் சூழ்ந்த மலைநாடுகளும் சேர்ந்த தென்கிழக்காசிய நாடு. 1885-க்குப் பிறகு அங்கே போரோ கலகமோ ஆட்சிக் கவிழ்ப்போ நிகழ்ந்த ஒவ்வொரு முறையும், நிலம் யார் கைக்குப் போவது, நகரத்தில் யார் கடை வைப்பது, யாரை இந்நாட்டவர் என்று பதிவது என்பதெல்லாம் புதிதாகத் தீர்மானிக்கப்பட்டன. ஆசியாவின் மிகக் கலப்பான சமூகங்களுள் ஒன்றாக இருந்த பர்மா, கதவடைத்துக்கொண்ட நாடாக மாறியது இப்படித்தான்.

மூன்றாம் ஆங்கிலேய–பர்மியப் போர் இரண்டு வாரத்தில் முடிந்துவிட்டது. 1885 நவம்பர் இறுதியில் தலைநகர் மாண்டலே வீழ்ந்தது. தீபா அரசர் முதலில் சென்னைக்கும் பிறகு ரத்னகிரிக்கும் கொண்டுசெல்லப்பட்டு, 1916-இல் அங்கேயே இறந்தார். போர் சிறியது, விளைவு பெரியது. அரசர் போனதும் பௌத்த சங்கம் தன் புரவலரை இழந்தது. ஊர்ப் பையன்களுக்கு எழுத்தறிவித்து வந்த மடாலயப் பள்ளிகளின் மதிப்பு, ஆங்கிலம் படித்தவனுக்கே உத்தியோகம் என்றானபோது சரிந்தது. தலைமுறை தலைமுறையாகப் பல ஊர்களைச் சேர்த்து நிர்வகித்த ‘மியோதுஜி’ என்ற தலைவர்களை ஆங்கிலேயர் ஒழித்து, கிராமத்துக்கு ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். கலகத்தை அடக்க அது வசதியாக இருந்தது. ஆனால் அரசுக்கும் குடியானவனுக்கும் நடுவே நின்று பேச ஆளில்லாமல் போயிற்று. அந்த வெற்றிடத்தில் துறவிகளே அரசியல்வாதிகளானார்கள். அவர்களுள் ஒருவரான உ விசாரா, 1929-இல் ரங்கூன் சிறையில் உண்ணாவிரதமிருந்து உயிர்விட்டார்.

கீழ்ப் பர்மா 1852-லேயே ஆங்கிலேயர் வசமாகியிருந்தது. அங்கே நடந்தது வேறு கதை. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் ஐரோப்பாவுக்கு அரிசி ஏற்றுமதி பெருக, ஐராவதிக் கழிமுகத்தின் சதுப்புக் காடுகள் வயல்களாயின. வெட்டித் திருத்தியவர்கள் மேல் பர்மாவிலிருந்து இறங்கிவந்த குடியானவர்கள். அதற்கான பணம் பெரும்பாலும் செட்டிநாட்டிலிருந்து வந்தது. ரங்கூன் மொகல் தெருக் கிட்டங்கிகளில் (வட்டிக்கடைக் கூடங்களில்) பெட்டியடி போட்டு உட்கார்ந்த நகரத்தார் (செட்டியார்) ஏஜெண்டுகள், நிலத்தை ஈடாகப் பிடித்துக் கடன் கொடுத்தார்கள். காரைக்குடி வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களில் இந்தக் கழிமுகத்து நெல்லும் கலந்திருக்கிறது.

1930-இல் உலகப் பொருளாதார வீழ்ச்சியோடு நெல் விலை பாதாளத்துக்குப் போனது. கடன் திரும்பவில்லை. நிலம்தான் திரும்பியது. முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் சுமார் 6 சதவீத நிலத்தை வைத்திருந்த நகரத்தாரிடம், 1937-க்குள் ஏறத்தாழ 25 சதவீதம் வந்து சேர்ந்தது. நிலம் வேண்டுமென்று அவர்கள் வரவில்லை. பணம் முடங்கியதே என்ற கவலைதான் அவர்களுக்கு. தன் கையால் திருத்திய வயலிலேயே குத்தகைக்காரனாகிப்போன பர்மியருக்கு இந்த விளக்கம் எந்த ஆறுதலையும் தந்திருக்காது.

அந்நாளைய ரங்கூன் பாதிக்குமேல் இந்திய நகரம். 1931 கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 4 லட்சம் மக்களில் பெரும்பான்மையினர் இந்தியர்: தெலுங்குத் துறைமுகத் தொழிலாளர், தமிழ் மேஸ்திரிகள், வங்காளி குமாஸ்தாக்கள், குஜராத்தி வணிகர். 1930 மே மாதம் துறைமுக வேலை யாருக்கு என்ற தகராறு பெருங்கலவரமாகி, இந்தியத் தொழிலாளர் பலர் கொல்லப்பட்டனர். அந்தச் சூட்டில்தான் ‘தோபாமா’ என்ற தேசிய இயக்கம் பிறந்தது. அதன் இளைஞர்கள் வெள்ளைக்காரத் துரைகளை விளிக்கும் ‘தக்கின்’ என்ற சொல்லைத் தங்கள் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டார்கள். பிற்காலத் தேசியத் தலைவர்களான ஆங் சானும் உ நூவும் அப்படி வந்த தக்கின்களே. 1930 டிசம்பரில் தராவதியில் சாயா சான் தலைமையில் வெடித்த விவசாயக் கிளர்ச்சியை அடக்க அரசுக்கு ஓராண்டுக்கு மேலாயிற்று. 1937-இல் பர்மா இந்தியாவிலிருந்து நிர்வாகரீதியாகப் பிரிக்கப்பட்டது.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூன்மீது குண்டு வீசின. துறைமுகமும் நகரச் சுகாதாரமும் இந்தியத் தொழிலாளரை நம்பியிருந்தவை. அவர்கள் ஓடத் தொடங்கியதும் நகரம் நின்றுபோனது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கொஞ்சம்பேர். மற்றவர்களுக்குக் கால்தான் கதி. அரக்கான் மலை வழியாகவும், தாமு தாண்டி இம்பாலுக்கும், ஹுகாவங் பள்ளத்தாக்குச் சேற்றிலுமாக நான்கு லட்சத்துக்கு மேற்பட்டோர் இந்தியா நோக்கி நடந்தார்கள். காலரா, மலேரியா, பசி ஆகியவற்றால் பல்லாயிரம்பேர் வழியிலேயே மடிந்தனர். பாதையிலும் பாகுபாடு இருந்தது: வெள்ளையருக்கு நல்ல வழி, கூலிகளுக்குக் கெட்ட வழி என்ற புகார் அப்போதே பெரிதாக எழுந்தது. ரங்கூனில் ‘ஜோதி’ இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மா இப்படி நடந்து வந்தவர்களுள் ஒருவர். தன் நடைப்பயணத்தை அவர் நூலாகவும் எழுதினார்.

பின்வாங்கிய ஆங்கிலேயர் எண்ணெய்க் கிணறுகளையும் சிரியம் சுத்திகரிப்பாலையையும் தகர்த்தார்கள். ஐராவதியில் ஓடிய நூற்றுக்கணக்கான நீராவிப் படகுகளைத் தாங்களே மூழ்கடித்தார்கள். மூன்றாண்டு கழித்துப் போர் அதே வழியில் திரும்பி வந்து, மிஞ்சியதையும் நொறுக்கியது.

கட்டடங்களைவிட மனித உறவுகளுக்கு நேர்ந்த சேதமே ஆழமானது. ஆங்கிலேயப் படையில் சேர்க்கப்பட்டவர்கள் பெரும்பாலும் கரேன், கச்சின், சின் மலைமக்கள். ஜப்பானியர் உதவியோடு ஆங் சான் திரட்டிய விடுதலைப் படையிலோ பர்மியர்களே மிகுதி. 1942-இல் ஆங்கிலேய ஆட்சி விலகிய இடைவெளியில் இந்த இரு தரப்பும் நேருக்கு நேர் மோதின. கழிமுகத்து மியாங்மியாவில் கரேன் கிராமத்தார் கொல்லப்பட்டார்கள். அரக்கானில் பௌத்தரும் முஸ்லிம்களும் ஒருவர் ஊரை மற்றவர் எரிக்க, இரு சமூகங்களும் வடக்கு தெற்காகப் பிரிந்தன. அரக்கானின் ரோஹிங்யா முஸ்லிம்களுக்குப் பிற்காலத்தில் நேர்ந்த துயரத்தின் வேர் ஒன்று இங்கே இருக்கிறது.

1947 பிப்ரவரியில் பாங்லாங்கில் ஒரே நாடாக விடுதலை பெற ஷான், கச்சின், சின் தலைவர்களோடு ஆங் சான் உடன்பாடு செய்தார். ஐந்து மாதத்தில், ஜூலை 19 அன்று, அமைச்சரவைக் கூட்டத்திலேயே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1948 ஜனவரி 4-இல் விடுதலை. மார்ச்சில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சி. அடுத்த ஜனவரியில் கரேன் கிளர்ச்சி. உலகப்போர் விட்டுச்சென்ற துப்பாக்கிகள் ஊருக்கு ஊர் கிடந்தன. உள்ளூர்த் தலைவர் ஒவ்வொருவரும் ஒரு சிறு படை வைத்திருந்தார். சீனாவில் தோற்ற கோமிண்டாங் படை வேறு ஷான் மலைக்குள் புகுந்தது. அபினி வணிகம் அதோடு தழைத்தது. கிராமத்தில் உயிருக்குப் பயந்தவர்கள் ரங்கூனுக்கு வந்து குடிசை போட்டார்கள். 1958-இல் இடைக்கால ஆட்சிக்கு வந்த ராணுவம், அவர்களை அப்புறப்படுத்தி ஒக்கலப்பா, தாக்கேத்தா புறநகர்களில் குடியமர்த்தியது. 1942-இல் இந்தியர் காலி செய்த நகரம், உள்நாட்டுப் போரால் பர்மிய நகரமாகியது.

ராணுவம் தனி வர்க்கமாக உருவெடுத்ததும் இந்தப் பத்தாண்டில்தான். 1951-இல் சிப்பாய்களுக்குச் சரக்கு விற்கத் தொடங்கிய படைத்துறை நிறுவனம், பத்தாண்டுக்குள் வங்கி, கப்பல், இறக்குமதி என நாட்டின் பெரிய வணிகக் குழுமமாக வளர்ந்தது. 1962 மார்ச் 2 அன்று ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தபோது, ராணுவத்துக்கு நாட்டை நடத்தும் ஆசையோடு பழக்கமும் இருந்தது. ஜூலையில் ரங்கூன் பல்கலைக்கழக மாணவர்களைச் சுட்டு, மறுநாள் மாணவர் சங்கக் கட்டடத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

அடுத்து வந்தது ‘பர்மிய வழிச் சோஷலிசம்’. 1963-இல் வங்கிகளும் 1964 மார்ச்சில் கடைகளும் அரசுடைமையாயின; மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவையாயின. செட்டியார் நிலங்கள் 1948-இல் தொடங்கிய நில நாட்டுடைமையிலேயே போய்விட்டிருந்தன. இழப்பீடு பெரும்பாலும் காகிதத்தோடு நின்றது. இப்போது தையல்காரரும் மளிகைக்காரரும் வெளியேற வேண்டியதாயிற்று. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் தாயகம் திரும்பினர். தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் பர்மாக் காலனிகள் முளைத்தன. சென்னைக் கடற்கரை ரயில் நிலையம் எதிரே பர்மா பஜார் வந்தது. வடசென்னைத் தெருக்களில் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் வெந்தது. மனம் கேளாமல் தரைவழியே பர்மாவுக்கே திரும்பப் போன சிலர், எல்லையில் தடுக்கப்பட்டு மணிப்பூரின் மோரேயில் தங்கிவிட, அங்கே ஒரு தமிழ்க் குடியிருப்பு உருவானது. வெளியேற்றியவர்கள் எதிர்பார்த்த செழிப்பு வரவில்லை. போருக்கு முன் ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டன் அரிசி ஏற்றுமதி செய்த நாட்டின் மக்கள், அரசுக் கடை வரிசையில் நின்றார்கள்.

1982 குடியுரிமைச் சட்டம், முதல் ஆங்கிலேயப் போருக்கு முந்தைய 1823-ஐ எல்லைக்கோடாக வைத்தது. அதற்கு முன்பே அங்கு வாழ்ந்த இனங்கள் என்று அரசு ஏற்றவையே முழுக் குடிமக்கள்; மற்றவர்களுக்கு இரண்டாம், மூன்றாம் தரக் குடியுரிமை. ரோஹிங்யாக்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. 2017-இல் ராணுவ நடவடிக்கைக்குத் தப்பி 7 லட்சத்துக்கு மேற்பட்டோர் வங்கதேசத்துக்கு ஓடினார்கள்.

1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் இழப்பீடின்றிச் செல்லாதவையாயின. ஒன்பதால் வகுபடும் 45, 90 கியாட் நோட்டுகள் வந்தன. சேமிப்பை இழந்த கோபம், 1988-இல் ராணுவ ஆட்சிக்கு எதிராகக் கிளம்பிய மக்கள் எழுச்சியில் கலந்தது. அதை ரத்தத்தில் நனைத்து ஒடுக்கிய ராணுவம், பல்கலைக்கழகங்களை ஆண்டுக்கணக்கில் மூடியது. திறந்தபோது மாணவர்களை ஊருக்கு வெளியே சிதறிய வளாகங்களுக்கு அனுப்பியது. ஒரு தலைமுறையின் படிப்பு அதில் கரைந்தது.

2011-இல் ராணுவம் பிடியைத் தளர்த்தியபின் வந்த அரசியல் திறப்பு குறுகியது. ஆனாலும், ஒரு காலத்தில் ஆயிரம் டாலருக்கு மேல் விற்ற சிம் கார்டு 2014-இல் 1,500 கியாட்டுக்குக் கிடைத்தபோது, இளைஞர் உலகமே மாறியது. 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் மீண்டும் ஆட்சியைக் கவிழ்த்தபோது எதிர்த்து நின்றது இந்தத் தலைமுறை. மருத்துவரும் ஆசிரியரும் வேலையை விட்டு வெளியேறினர். பெண்களின் கைலிக்குக் கீழே போனால் ஆண்மை குன்றும் என்ற பழைய நம்பிக்கையை ஆயுதமாக்கி, தெருக்களின் குறுக்கே கைலிகளைக் கட்டித் தொங்கவிட்டார்கள். சிப்பாய்கள் அவற்றை அவிழ்க்க நின்றார்கள். நகரத்துப் பர்மிய இளைஞர்கள் கரேன், கச்சின் பகுதிகளுக்குப் போய்த் துப்பாக்கிப் பயிற்சி பெற்றார்கள். எந்த மலைமக்களைக் கலகக்காரர் என்று பாடப்புத்தகத்தில் படித்தார்களோ, அவர்களிடமே அடைக்கலமும் பெற்றார்கள். ரோஹிங்யாக்களிடம் சமூக ஊடகத்தில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டவர்களும் உண்டு. 1942-இல் விழுந்த இனப்பிளவில் ஏற்பட்ட முதல் பெரிய அசைவு இது. எத்தனை நாள் நிலைக்கும் என்பது போரின் போக்கைப் பொறுத்தது.

2024 பிப்ரவரியில் ராணுவம், 18 முதல் 35 வயது ஆண்களுக்கும் 18 முதல் 27 வயதுப் பெண்களுக்கும் கட்டாயப் படைச்சேவைச் சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. யாங்கோனில் (பழைய ரங்கூன்) கடவுச்சீட்டு அலுவலகங்கள் முன் வரிசைகள் நீண்டன. தாய்லாந்துக்குச் செல்லும் பாதைகளில் கூட்டம் பெருகியது. நாட்டுக்குள் இடம்பெயர்ந்தோர் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியது. வேலைக்காக வெளிநாடு செல்லும் ஆண்களுக்கு அனுமதி தருவதை மே மாதத்தில் ராணுவ அரசு நிறுத்திவைத்தது.