குவிண்டால் என்னும் நூறு

குப்பத்தை அடுத்த சாந்திபுரம் வட்டாரம், தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒன்றோடொன்று கலந்து வழங்கும் எல்லைப்புறப் பிரதேசம். அப்பக்கத்துக் குடியானவர் தம் புளியையோ வெல்லத்தையோ மண்டிக்கு ஏற்றி அனுப்பும்பொழுது, பேரத்தை எந்த மொழியில் தொடங்கினாலும், விலையை மட்டும் ‘குவிண்டாலுக்கு என்ன?’ என்றே விசாரிப்பார். தெலுங்கர் வாயில் அதுவே ‘குவிண்டா’ என்று கடை குறுகி ஒலிக்கும். இங்ஙனம் பல மொழியினரும் சொந்தம் பாராட்டி வழங்கும் இச்சொல்லை ஆங்கிலத்திலிருந்து வந்ததென்று பலரும் எண்ணுவது இயல்பே. ஆயினும் ஆங்கிலேயர் தம் அன்றாட வியாபாரத்தில் அதிகமாகக் கையாளாத இச்சொல்லின் பூர்வீகம் லத்தீன் மொழியாகும். கிரேக்கர், சிரியர், அரபியர், ஐரோப்பியர் என்று பல ஜாதியாரின் தராசுகளில் ஏறி இறங்கி நம்மிடம் வந்து சேர்ந்த அதன் சரித்திரம், நிறுத்தலளவையின் சரித்திரத்தையே சுருங்கக் காட்டுவதாக அமைந்திருக்கிறது.

லத்தீனில் ‘கெந்தும்’ என்றால் நூறு. அதிலிருந்து கிளைத்த ‘கெந்தேனாரியம்’ என்பது நூறு ‘லிப்ரா’ கொண்ட எடைக்குப் பெயராயிற்று. லிப்ரா என்பது ரோமானியரின் அடிப்படை நிறை. இன்றைய கணக்கில் ஏறக்குறைய 327 கிராம். அதனைப் பன்னிரண்டாகப் பகுத்து ஒவ்வொரு பங்கையும் ‘உன்கியா’ என்றனர். எடையில் ‘அவுன்ஸ்’ என்றும் நீளத்தில் ‘இன்ச்’ என்றும் பின்னாளில் வழங்கிய இரண்டும் அந்த ஒரே உன்கியாவின் வழித்தோன்றல்கள். லிப்ரா என்னும் சொல்லுக்குத் தராசு என்பதும் பொருளாதலால், நாம் துலாம் என்னும் ராசியை மேனாட்டார் லிப்ரா என்கின்றனர். இவ்விடத்தில் நம் நாட்டு வழக்கை அருகே வைத்துப் பார்ப்பது தகும். சம்ஸ்கிருதத்தில் ‘துலா’ என்பதும் தராசையே குறிக்கும். ஆயினும் அதுவே நூறு பலம் கொண்ட ஒரு நிறைக்கும் பெயர். அத்தகைய இருபது துலாம் கூடியது ஒரு பாரம். திருமலையில் குழந்தையை ஒரு தட்டில் அமர்த்தி, மறுதட்டில் அதன் எடைக்கு எடை வெல்லமோ சர்க்கரையோ நாணயமோ வைத்துப் பெருமாளுக்குச் செலுத்தும் பிரார்த்தனைக்குத் ‘துலாபாரம்’ என்று பெயரிட்டபொழுது, நம் முன்னோர் இவ்விரு அளவைச் சொற்களையும் ஒரே தொடரில் இணைத்துவிட்டனர். தராசின் பெயரே நிறைக்கும் பெயராவதும், பெருநிறைக்கு நூறு என்னும் எண் எல்லையாவதும் ரோமாபுரிக்கும் பாரத தேசத்துக்கும் பொதுவாய் இருந்தன.

ரோம ராஜ்யத்தின் கீழைப் பகுதியில் கெந்தேனாரியம் கிரேக்கர் நாவில் ‘கெந்தேனாரியன்’ ஆயிற்று. அங்கிருந்து சிரிய மொழியின் வழியாக அரபியில் புகுந்து ‘கிந்தார்’ என வடிவு கொண்டது. திருக்குர்ஆனில் பொன்னும் வெள்ளியுமாகக் குவித்த பெருஞ்செல்வத்தைச் சுட்ட இச்சொல் வழங்கியிருப்பதிலிருந்து, அக்காலத்திலேயே அது அரபு மக்களுக்கு எவ்வளவு பழகியிருந்தது என்பது விளங்கும். பின்னர் மத்தியதரைக் கடலின் துறைமுகங்களில் அரபு வணிகரோடு கொடுக்கல் வாங்கல் நடத்திய ஐரோப்பியர், தம் மூதாதையரின் சொல் என்பதை அறியாமலே, அதனைக் ‘குவிண்டாலே’ என்று மீண்டும் லத்தீனில் எழுதிக்கொண்டனர். லத்தீனில் ஐந்தாவது என்பதற்குக் ‘குவின்டுஸ்’ என்று பெயர் இருப்பதால், இவ்வடிவைக் கண்டோர் இதனை ஐந்தோடு தொடர்புடையதென்று மயங்குவதற்கு இடமுண்டு; உண்மையில் உருமாறிய இச்சொல்லின் உள்ளே மறைந்திருப்பது நூறே.

1498-இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையில் வந்திறங்கிய பிறகு, மலையாளக் கரையில் மிளகு வாங்கிய போர்த்துக்கீசியர், லிஸ்பனுக்கு அனுப்பிய சரக்கைக் குவிண்டால் கணக்கிலேயே எழுதி வைத்தனர். அவர்கள் நம் சொற்களையும் எடுத்துச் செல்லாமல் இல்லை. நம் பாரம், அரபியரிடம் ‘பஹார்’ ஆகி, அவர்கள் வாயிலாகப் போர்த்துக்கீசியரின் கணக்கேடுகளிலும் இடம்பெற்றது. கண்டி என்னும் நம் நிறையோ ‘காந்தில்’ என்று அவர்கள் நாவில் திரிந்தது. பண்டம் கைமாறிய இடத்தில் அளவைச் சொல்லும் கைமாறிற்று.

ஆனால் சொல் நிலைத்ததே யொழிய, அதன் உள்ளே இருந்த நூறு நிலைக்கவில்லை. ஸ்பெயினில் குவிண்டால் நூறு லிப்ராவாகவே இருந்தும் ஏறக்குறைய 46 கிலோ. பிரான்சில் நூறு லீவர், சுமார் 49 கிலோ. போர்த்துக்கலிலோ 128 ‘அர்ராத்தெல்’, ஏறத்தாழ 58 கிலோ 750 கிராம். ஆங்கிலேயர் தம் மொழியில் நூறு என்ற பெயரையே எடைக்கு வைத்துக்கொண்டு, கெந்தும் என்பதன் முதலெழுத்தை அதற்குக் குறியீடாகவும் எழுதிவிட்டு, நிறுத்ததென்னவோ 112 பவுண்டு. இலங்கைத் தமிழர் அதனைத்தான் ‘அந்தர்’ என்கின்றனர். நூறு என்று பெயர் சொல்லி நூற்றுப்பன்னிரண்டையும் நூற்றிருபத்தெட்டையும் நிறுக்கும் இடத்தில், அந்த உபரியின் சுமை யாருடைய முதுகில் ஏறும் என்பதை, விளைத்து விற்கும் எவரும் எளிதில் உணர்வர்.

லிப்ராவின் சுற்றத்தாரும் நம் கடைத்தெருவில் அநேகர் உளர். லிப்ராவோடு உறவுடைய கிரேக்க ‘லித்ரா’, அரபியில் ‘ரத்ல்’ ஆகி நமக்கு ராத்தலாக வந்தது. அதுவே பிரெஞ்சு நாட்டு வழியாக லிட்டர் ஆகியும் வந்தது. ஆகவே ராத்தல் கணக்கில் ரொட்டி வாங்கிய பாட்டனாரும் லிட்டர் கணக்கில் பால் ஊற்றும் பேரனும், தாம் அறியாமலே ஒரே சொல்லைத்தான் வழங்குகின்றனர். நகைக்கடையில் எட்டுக் கிராம் தங்கத்துக்குப் பெயரான பவுன், ‘எடையால்’ என்று பொருள்படும் லத்தீனப் ‘பொந்தோ’வின் வழித்தோன்றல். சித்தூர் மாங்கூழ்த் தொழிற்சாலைகளுக்குத் தோத்தாபுரி மாங்காய் விலை பேசப்படும் டன் என்பதோ, இடைக்கால லத்தீனில் திராட்சை மது நிரப்பிய பெரும் பீப்பாய்க்கு வழங்கிய ‘துன்னா’ என்னும் பெயரிலிருந்து பிறந்தது.

குப்பம் அடங்கிய சித்தூர் ஜில்லா 1911-இல் சென்னை மாகாணத்தின் ஒரு பகுதியாக அமைந்தபொழுது அங்கு வழங்கிய கணக்கு வேறு: நாற்பது பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு, இருபது மணங்கு ஒரு கண்டி. சென்னை மணங்கு 25 ராத்தலாயிருக்க, வங்காளத்து மணங்கு 82 ராத்தலுக்கு மேல் இருந்தது. தேசம் ஒன்றாயினும் நிறை ஒன்றாயில்லை. இக்குழப்பத்தைத் தீர்க்கவே 1956-இல் எடை அளவுத் தரச் சட்டம் இயற்றப்பட்டு, 1958 அக்டோபர் முதல் தேதி தொடங்கி மெட்ரிக் எடைகள் படிப்படியாகப் புழக்கத்துக்கு வந்தன. 1795-இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு வகுத்த இம்முறையில், பெருக்கத்துக்குக் கிரேக்கச் சொல்லும் பகுப்புக்கு லத்தீன் சொல்லும் முன்னே சேர்க்கப்பட்டன. மீட்டரை நூறாகப் பகுத்த ‘சென்டி’யும் அந்தக் கெந்தும் என்பதே. அம்முறையைத் தழுவி வந்த குவிண்டாலுக்கு நூறு கிலோ என்று திட்டம் செய்யப்பட்டது. பல நூற்றாண்டு வேறு வேறு எண்களுக்குப் பெயராய் அலைந்த சொல், தன் பிறப்புப் பொருளை இங்ஙனம் மீண்டும் அடைந்தது.

மண்டியில் கிடக்கும் பழைய இரும்பு எடைக்கல் ஒன்றைத் திருப்பிப் பார்த்தால், அடியில் குழிவு ஒன்றும், அதில் காய்ச்சி ஊற்றிய ஈயமும், ஈயத்தின் மேல் அளவைத் துறை அதிகாரி இட்ட முத்திரையும் காணலாம். எடை குறைந்தால் ஈயம் சேர்ப்பதும் மிகுந்தால் சுரண்டி எடுப்பதும் அக்குழிவில்தான். கையகல ஈயத்தில் பதிந்த அம்முத்திரை, வாங்குவோன் விற்போன் இருவரில் எவர் வலியவராயினும் நிறை ஒன்றே என்று அரசு கொடுத்த வாக்குறுதி. மின்தராசு வந்துவிட்ட இந்நாளிலும், கழிவு என்றும் தருகு என்றும் பெயரிட்டு மூட்டைக்குச் சில கிலோ அதிகம் பிடிக்கும் வழக்கம் பல சந்தைகளில் ஒழிந்தபாடில்லை. அது நூறு என்று சொல்லி நூற்றுப்பன்னிரண்டு நிறுத்த பழைய அநீதியின் மறுபிறவியே யன்றி வேறன்று. நூறு என்னும் பொருளோடு பிறந்த சொல்லுக்குச் சட்டம் அந்த நூற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. மண்டியிலும் அது நூறாகவே நிற்குமாறு காப்பது, தராசு பிடிப்போரின் தர்மமும் அதைக் கண்காணிக்கும் அரசின் கடமையும் ஆகும்.