வாட்ஸ்அப்பில் வரும் வேலை அறிவிப்பு உண்மையா? கூகுளில் அரசு இணையதளத்தில் மட்டும் தேடுவது எப்படி?

'புதுக்கோட்டை மாவட்டத்தில் அங்கன்வாடி வேலை, உடனே அப்ளை பண்ணுங்க' என்று வாட்ஸ்அப்பில் மெசேஜ் வருகிறது. கூகுளில் தேடினால் யூடியூப் வீடியோ, தனியார் வேலைவாய்ப்புத் தளங்கள், பழைய அறிவிப்பு என எல்லாம் கலந்து வரும். இதில் அரசு சொன்னது எது? கண்டுபிடிக்க ஒரே ஒரு வார்த்தை போதும்.

என்ன டைப் செய்ய வேண்டும்?

தேட வேண்டியதை எழுதி, ஓர் இடைவெளி விட்டு, 'சைட்' என்ற சொல், முக்காற்புள்ளி, இணையதள முகவரி ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். உதாரணம்:

அங்கன்வாடி சைட்:புதுக்கோட்டை.நிக்.இன்

'சைட்' என்ற சொல்லையும் முகவரியையும் ஆங்கில எழுத்தில்தான் டைப் செய்ய வேண்டும். முக்காற்புள்ளிக்குப் பிறகு இடைவெளி விடக்கூடாது. அவ்ளோதான்! மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் உள்ள பக்கங்கள் மட்டும் வரும்.

எந்த முகவரி எதற்கு?

* டிஎன்.ஜிஓவி.இன் - இதில் முடியும் தமிழக அரசுத் தளங்கள்
* ஜிஓவி.இன் - இதில் முடியும் மத்திய, மாநில அரசுத் தளங்கள்
* ஏசி.இன் - கல்வி நிறுவனங்கள்

'ஜிஓவி.இன்' முகவரி அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தரப்படும். 'டாட் காம்', 'டாட் ஆர்க்' முகவரிகளை யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கலாம்.

போலி முகவரியை எப்படி கண்டுபிடிப்பது?

முகவரியின் தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள பகுதியின் கடைசியைப் பாருங்கள். அங்கே 'டாட் ஜிஓவி டாட் இன்' அல்லது 'டாட் நிக் டாட் இன்' என்று முடிய வேண்டும். 'டிஎன்-ஜிஓவி-இன் டாட் காம்' என்றிருந்தால் அது அரசுத் தளம் இல்லை. பெயரில் 'ஜிஓவி' இருக்குனு நம்பிவிடக்கூடாது.

ரிசல்ட் வரவில்லை என்றால் பொய்யா?

அப்படி முடிவு செய்ய முடியாது. புதிய அறிவிப்பு கூகுளில் சேரச் சில நாட்கள் ஆகலாம். ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் தேடலில் சிக்காமலும் போகலாம். ஆங்கில வார்த்தை போட்டும் தேடிப் பாருங்கள். பிறகு மாவட்ட இணையதளத்துக்கே போய் 'அறிவிப்புகள்' பகுதியில் ஆள்சேர்ப்பு பக்கத்தைப் பாருங்கள். அறிவிப்பு கிடைத்தாலும் தேதியைக் கவனியுங்கள். போன வருட அறிவிப்பும் அதே தளத்தில் இருக்கலாம்.

பட்டா, சிட்டா விவரங்களும் இப்படித் தேடினால் கிடைக்காது. அறந்தாங்கியோ ஆலங்குடியோ, அரசின் இ-சேவைகள் தளத்துக்குள் சென்று வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால்தான் வரும்.

பணம் கேட்டால்?

ஜிபே-யில் பணம் அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். அங்கன்வாடி வேலை என்றால் உங்கள் வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.