எரிமலைக்குள் ஒரு கொல்லன்

எரிமலைக்கு இன்றைய கிரேக்கத்தில் 'இஃபேஸ்தியோ' என்று பெயர். இச்சொல்லை நான் அறிந்தது சமீபத்தில்தான். பழைய கிரேக்கத்தில் இதன் வடிவம் 'ஹெஃபைஸ்தெயோன்'. பொருள் மலையல்ல, ஹெஃபைஸ்தோஸின் கோவில். ஏதென்ஸ் சந்தைவெளியை ஒட்டிய குன்றின் மேல் கி.மு. 449 வாக்கில் தொடங்கப்பட்ட அந்தக் கோவில் இன்றும் நிற்கிறது. அருகே வெண்கலப் பட்டறைகள் இருந்தன. உள்ளே கொல்லர்களின் தெய்வமான அவனோடு, நெசவுக்கு உரியவளான அதீனாவும் இருந்தாள். காஞ்சிபுரத்துக்காரனுக்கு இந்தக் கூட்டு அந்நியமாகத் தோன்றுவதில்லை.

கோவிற்பெயர் மலைக்கு வந்த வழி சுவாரஸ்யமானது. சிசிலிக்கு வடக்கே ஹியரா என்றொரு தீவு. இரவில் நெருப்பும் பகலில் புகையும் தெரிவதால் ஹெஃபைஸ்தோஸ் அங்கே உலை வைத்திருக்கிறான் என்று அப்பகுதி மக்கள் நம்பியதைத் தூசிடிடீஸ் குறித்திருக்கிறார். கி.மு. 425இல் எட்னா பொங்கியதைச் சொல்லும்போதோ, நெருப்பு வழிந்தோடியது என்பதோடு நிறுத்திக்கொள்கிறார், கடவுளைக் கூப்பிடுவதில்லை. ரோமர்களின் நெருப்புக் கடவுள் வுல்கானுஸ். அவன் பெயரால் ஹியரா வுல்கானோ ஆயிற்று; அதிலிருந்து வால்கேனோ. நவீன கிரேக்கம் தன் பங்குக்குப் பழைய கோவிற்பெயரை மலைக்குச் சூட்டிக்கொண்டது.

வேர்ச்சொல்லைக் கண்டதும் பெருமிதம் கொள்வது நம்மிடையே ஒரு வியாதி. ஹெஃபைஸ்தோஸ் என்ற பெயருக்குத் தெளிவான கிரேக்க வேரே இல்லை. கிரேக்கருக்கு முன் அங்கிருந்தோரின் மொழியிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. தோண்டிக்கொண்டே போனால் அடியில் இருப்பவர்கள் வேறு யாரோ.

தமிழின் 'எரிமலை'யில் தெய்வம் இல்லை, தொழிலாளியும் இல்லை. வினைத்தொகையாகக் கொண்டால் காலம் இருக்கிறது: எரிந்த, எரிகிற, எரியும் மலை. அந்தமானின் பாரன் தீவு 1832க்குப் பிறகு அடங்கிக் கிடந்து 1991இல் மறுபடி எரிந்தது. இலக்கணம் பூகோளத்தோடு பொருந்திவிட்ட இடம் அது.

நல்ல சொல்தான். ஆனாலும் கிரேக்கச் சொல் மீது எனக்குப் பொறாமை உண்டு. கால் ஊனமான, வியர்வை வழியும் ஒரு கைவினைஞன் அதற்குள் இருக்கிறான். சொல்பவன் மறந்தாலும் சொல் அவனை விட்டுவிடவில்லை. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயர் நிலைத்துவிட்டது. தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து நெய்தவனின் பெயரை வங்கியில் கடன் மனுக்களில் பார்க்கிறேன். புடவையில் அது இல்லை.