சங்கிலி ரம்பமும் நம்பத்தக்க பெயரும்



பேனா வாங்கும்போது நாம் எந்தப் பெயர் பொறித்தது என்று பார்த்து வாங்குகிறோம். அதில் தவறிவிட்டால் மை கசியும், சட்டை கறைபடும், அதற்கு மேல் கேடு ஒன்றும் இல்லை. மரம் அறுக்கும் சங்கிலி ரம்பத்தின் செய்தி அத்தகையதன்று. முழு வேகத்தில் அதன் பற்கள் விநாடிக்கு 20 மீட்டர் ஓடும். சிலவற்றில் அதற்கு மேலும் ஓடும். பாதி அறுபட்ட மரத்தின் அடியில் நிற்பவனுக்கு அந்த எந்திரத்தின் நம்பகமே உயிர்க் காப்பு. ஆகவே, எந்தப் பெயரை நம்புவது என்னும் கேள்வியை விளம்பரத்தைக் கொண்டு ஆராயாமல் வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

இக்கருவியின் மூதாதை தோன்றிய இடம் காடு அன்று, மருத்துவசாலை. 1830 ஆம் ஆண்டளவில் பெர்ன்ஹார்ட் ஹைனே என்னும் ஜெர்மானியர் எலும்பை அறுப்பதற்கு ஒரு கருவி செய்தார். தகடு ஒன்றின் விளிம்பைச் சுற்றிச் சிறு பற்களையுடைய சங்கிலி ஓடும். கைப்பிடியைச் சுழற்றி அதனை ஓட்டுவர். முன்னும் பின்னும் இழுக்கும் வாளுக்கு மாறாக, ஒரே திசையில் இடையறாது ஓடும் பற்கள் என்னும் கருத்து அதில் அடங்கியிருந்தது.

அக்கருத்து காட்டுக்கு வந்து சேர ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது. ஜெர்மனியில் ஸ்டட்கார்ட் நகரத்தில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1926 இல் மின்சாரத்தால் ஓடும் சங்கிலி ரம்பத்தைச் செய்தார். அதைத் தூக்கிப் பிடிக்க இருவர் வேண்டும். அன்றியும், நடுக்காட்டில் மின்சாரத்துக்கு எங்கே போவது? 1927 இல் எமில் லெர்ப் என்பவர் பெட்ரோலால் ஓடும் ரம்பம் ஒன்றைச் செய்து, துரிங்கியா நாட்டிலுள்ள டோல்மார் மலைக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். அம்மலையின் பெயரே அவருடைய எந்திரத்தின் பெயரும் ஆயிற்று. ஸ்டீலும் 1929 இல் பெட்ரோல் ரம்பத்தை வெளியிட்டார். பட்டறையில் நன்றாக ஓடியது காட்டிலும் ஓடுமா என்று பார்த்த பின்னரே பெயர் சூட்டினார்கள் என்பது இங்கே நாம் குறித்துக்கொள்ள வேண்டிய முதற் செய்தியாகும்.

எந்திரம் வலுப்பெற்ற பின்னும் பல் சரிவரவில்லை. பழைய வாளின் பற்களைப் போன்றவற்றையே சங்கிலியிலும் வைத்திருந்தார்கள். அவை விரைவில் மழுங்கின. கூர்தீட்டுவதிலேயே பொழுது கழிந்தது. அமெரிக்காவில் ஆரெகன் மாநிலத்தைச் சேர்ந்த மரம் வெட்டும் தொழிலாளியான ஜோசப் காக்ஸ் 1946 இல் மரத்தைக் குடைந்து தின்னும் ஒரு புழுவைக் கவனித்தார். அப்புழு தன் வளைந்த தாடைகளால் இடமும் வலமும் மாறி மாறிக் கடித்து, மரத்தின் இழை எத்திசையில் ஓடினாலும் தடையின்றி முன்னேறுவதைக் கண்டார். அதனையே முன்மாதிரியாகக் கொண்டு, இடப்புறமும் வலப்புறமும் மாறி மாறிச் செதுக்கும் பற்களை அமைத்து, 1947 இல் புதிய சங்கிலியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று உலகெங்கும் ஓடும் ரம்பச் சங்கிலிகளுள் பெரும்பாலானவை அந்த அமைப்பின் வழிவந்தவையே.

அடுத்து எடை குறைந்தது. 1949 இல் அமெரிக்காவின் மக்கல்லக் நிறுவனம் 25 பவுண்டு எடையில், ஒருவரே கையாளத்தக்க ரம்பத்தை வெளியிட்டது. 1959 இல் ஸ்டீல் நிறுவனத்தின் காண்ட்ரா என்னும் ரம்பம் ஏறத்தாழ 12 கிலோ எடையில் வந்தது. 1689 இல் துப்பாக்கித் தொழிற்சாலையாகத் தோன்றிய ஸ்வீடன் நாட்டு ஹஸ்க்வர்னா நிறுவனமும் அதே 1959 இல் இத்தொழிலில் புகுந்தது.

எடை குறைந்ததனால் புதிய தீங்கொன்றும் வந்தது. நாள் முழுதும் அதிரும் எந்திரத்தைப் பிடித்திருந்தவர்களுடைய விரல்கள் குளிர்காலத்தில் வெளுத்து, உணர்ச்சி இழந்தன. அதிர்வினால் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் கெட்டதே இதற்குக் காரணம். ஆகவே, 1960களில் கைப்பிடிக்கும் எந்திரத்துக்கும் இடையே அதிர்வைத் தாங்கும் அமைப்புகள் வரலாயின. மற்றொரு தீங்கு இதனினும் கொடியது. தகட்டு நுனியின் மேற்பகுதி மரத்தில் பட்டுவிட்டால், ரம்பம் கண்ணிமைக்கும் நேரத்தில் மேலெழுந்து பிடித்திருப்பவரை நோக்கித் திரும்பும். அத்தறுவாயில் சங்கிலியை உடனே நிறுத்தும் தடை அமைப்பு 1970களின் தொடக்கத்தில் வந்தது. கருவி பழுதில்லாமல் ஓடினால் போதாது, ஓட்டுபவருக்கும் ஊறு செய்யலாகாது என்னும் அறிவு இவ்வாறு மெல்ல மெல்லவே வந்தது.

இனிப் பெயர்களின் கதைக்கு வருவோம். மக்கல்லக் நிறுவனத்தை நிறுவிய ராபர்ட் மக்கல்லக் 1968 இல் இலண்டன் பாலத்தையே விலைக்கு வாங்கினார். அதன் கற்களைக் கப்பலேற்றி, 1971 இல் அரிசோனா பாலைநிலத்தில் அப்பாலத்தை மீண்டும் நிறுவினார். அத்தனை செல்வம் அளித்த அந்நிறுவனம் 1999 இல் நொடித்துப்போயிற்று. பாலம் இன்றும் நிற்கிறது. ரம்பத்தின் பெயரும் இருக்கிறது. ஆயினும் அப்பெயர் இன்று ஹஸ்க்வர்னாவின் கையில். மலையின் பெயர் தாங்கிய டோல்மார் நிறுவனத்தை 1991 இல் ஜப்பானின் மகித்தா நிறுவனம் வாங்கியது. நாளடைவில் டோல்மார் என்னும் பெயரும் மகித்தா என்னும் பெயருக்கு வழிவிட்டது. தந்தையார் காலத்தில் சிறந்திருந்த பெயர் என்பதற்காக மட்டும் மைந்தன் அதை வாங்கலாகாது என்பது இதனால் விளங்கும். பெயர் பழையதாக இருக்கலாம். அதன் பின்னே நிற்கும் தொழிற்சாலை வேறாகியிருக்கலாம்.

ஆகவே, சங்கிலி ரம்பம் வாங்குவோர் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். இப்பெயரில் இன்று எந்திரம் செய்பவர் யார்? சங்கிலித் தடையும் அதிர்வு தாங்கியும் உள்ளனவா? மாற்று உறுப்புகளும் பழுது நீக்கத் தெரிந்தவரும் அருகில் கிடைப்பார்களா? என் வேலைக்கு ஏற்ற எடையும் வலிவும் உடையதா? இவற்றுள் மூன்றாவது கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எத்துணைச் சிறந்த எந்திரமும் ஒரு நாள் பழுதாகும். அன்று பத்து ரூபாய் உறுப்புக்காகப் பல நாள் காத்திருக்க நேர்ந்தால், விலையுயர்ந்த பெயரால் பயன் யாது?

ஐந்தாவதாக ஒரு கேள்வியும் உண்டு. அதைக் கடைக்காரரிடம் கேட்க இயலாது, நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். சங்கிலியைக் கூர்தீட்டி, எண்ணெயிட்டு, தளராமலும் இறுகாமலும் வைத்து, காற்று வடிகட்டியைத் துடைத்துப் பேணுவோமா? பேணாதவர் கையில் எந்தப் பெயரும் நிலைக்காது.

ஒரு வாணிகப் பெயருக்கு மதிப்பு, அதைத் தாங்கிய எந்திரம் காட்டில் உழைத்த உழைப்பினால் வருகிறது. அந்த மதிப்பு நிலச் சொத்தைப் போல வழிவழியாகத் தானே இறங்கி வருவதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் மீண்டும் ஈட்ட வேண்டியது. கருவி வாங்கும்போது மட்டுமன்றி, நிறுவனங்களையும் தலைவர்களையும் நாம் மதிப்பிடும்போதும் இவ்வுண்மையை நினைவிற் கொள்வது நலம்.