அண்ணன் செத்தாத்தான் எனக்கு ஆட்டம்

நடுவர் அவர்களே, இரண்டணி நண்பர்களே, பட்டிமன்றம் என்றால் அடுப்பிலே உலையைக்கூட மறந்துவிட்டு ஓடிவருகிற மதுரைப் பெரியோர்களே, தாய்மார்களே!

'பழைய வீடியோ கேம் இன்றைய பிள்ளைகளுக்கு வேண்டுமா, வேண்டாமா?' இதுதானே தலைப்பு. எனக்கு முன்னாலே பேசின தம்பி ரொம்ப நாகரிகமாச் சொல்லிட்டுப் போறார்: "அக்கா, அதெல்லாம் நல்ல விளையாட்டுத்தான். மியூசியத்துல வைங்க." நடுவர் அவர்களே, வீட்டை விட்டு வெளியே போன்னு சொல்றதுக்கு இதைவிட மரியாதையான வார்த்தை உண்டா? (சிரிப்பு)

சரி தம்பி, மியூசியத்துக்கே போவோம். பக்கத்துலதான் கீழடி. 2023-லே அங்கே அருங்காட்சியகம் திறந்தாங்க. அகழாய்வுலே யானைத் தந்தத்துலே செஞ்ச பகடை கெடைச்சிருக்கு. சுட்ட மண்ணுலே ஆட்டக்காய், வட்டச் சில்லு எல்லாம் கெடைச்சிருக்கு. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலே மண்ணுக்குள்ளே பத்திரமா இருந்த சாமான். காய் இருக்கு, பகடை இருக்கு. ஆட்டம் எங்கய்யா? எந்தக் காயை எங்கே வைக்கணும், எத்தனை விழுந்தா வெட்டு, எப்ப ஜெயிப்பு? நாம ஊகிக்கத்தான் முடியும். சொல்லித்தர ஆளில்லையே!

ஆனா ஆடுபுலி ஆட்டத்தைப் பாருங்க. 3 புலி, 15 ஆடு. கல்லுலே நாலு கோட்டைக் கிழிச்சுட்டா இன்னிக்கும் உக்காந்து ஆடலாம். அதை எந்த மியூசியம் காப்பாத்துச்சு? எங்க அப்பத்தா காப்பாத்துச்சு! (கைதட்டல்)

வீடியோ கேமுக்கும் அதே கதைதான். அதுக்கும் ஒரு சரித்திரம் இருக்கு. 1972-லே அமெரிக்காவிலே அடாரி கம்பெனி 'பாங்' என்று ஒரு ஆட்டம் கொண்டு வந்தது. இந்தப் பக்கம் ஒரு கோடு, அந்தப் பக்கம் ஒரு கோடு, நடுவுலே ஒரு புள்ளி. அவ்வளவுதான்! 1978-லே ஜப்பான்லே நிஷிகாடோ என்பவர் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' செய்தார். வானத்திலேயிருந்து எதிரி வரிசை வரிசையா எறங்கி வருவான். அத்தனை பேரையும் வரையறதுக்கு அந்த மெஷினுக்குத் தெம்பு பத்தலை. மெதுவா நகர்த்துச்சு. சுடச்சுட ஆள் குறையும், பாரம் குறையும், மெஷின் வேகம் பிடிக்கும். கடைசி ஒருத்தன் புயலா வருவான். அந்த மனுஷன் அதைக் கோளாறுன்னு தூக்கிப் போடலை. இதுதான்யா ஆட்டம்னு விட்டுட்டார்!

1985-லே 'சூப்பர் மரியோ'. 8 உலகம், உலகத்துக்கு 4 கட்டம். மொத்தமும் 40 கிலோபைட். உங்க செல்போன்லே நீங்க எடுக்கிற ஒரே ஒரு போட்டோவுக்குள்ளே அம்பது மரியோவை அடைக்கலாம். இடம் போதாததாலே வானத்து மேகத்தையே பச்சையாக்கிப் புதர்னு கீழே வச்சான். நம்ம வீட்டுலே பழைய சேலையைத் தாவணி ஆக்கின மாதிரி. (சிரிப்பு)

இது நம்ம ஊருக்கு எப்படி வந்துச்சு? நாம ஆடினது பெரும்பாலும் அசல் நின்டெண்டோ இல்லைங்க. அசல் மாதிரி செஞ்ச நகல். லிட்டில் மாஸ்டர், டெர்மினேட்டர்னு விதவிதமாப் பேரு. 1990-கள்லே எங்கப்பா டவுன் ஹால் ரோட்டுலே ஒண்ணு வாங்கி, பஸ்ஸிலே மடியிலே வச்சுத் திருமங்கலம் கொண்டு வந்தார். கேசட்டு மேலே '9999 ஆட்டம்'னு போட்டிருக்கும். உள்ளே எண்ணிப் பாத்தா இருபது தேறாது. மிச்சமெல்லாம் பேரை மாத்தி வந்த அதே ஆளுங்க. எல்லாப் பழசும் பொன்னுன்னு நான் சொல்ல வரலை. கடைத்தெரு மெஷினுக்கு எழுதின ஆட்டமெல்லாம் காசு பிடுங்குறதுக்குன்னே கஷ்டமா வச்சது. அதையும் ஒத்துக்கறேன்.

ஆனா எங்க வீட்டுக் கதையைக் கேளுங்க. மரியோவிலே ரெண்டு பேரும் சேர்ந்து ஆட முடியாது. முதல் ஆள் செத்தாத்தான் ரெண்டாவது ஆளுக்கு முறை. முதல் ஆள் எப்பவும் எங்க அண்ணன். பச்சைச் சட்டை போட்ட லூயிஜி நானு. பக்கத்துலே உக்காந்து, "முருகா, அண்ணன் சாகணும், அண்ணன் சாகணும்"னு வேண்டிக்கிட்டிருப்பேன். அடுப்படியிலேருந்து எங்கம்மா கரண்டியோட ஓடிவந்தாங்க! (பலத்த சிரிப்பு)

'கான்ட்ரா'விலேதான் ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துலே துப்பாக்கி. மூணாவது கட்டம் அருவி. பாறை பாறையாத் தாவி மேலே ஏறணும். இதுலே என்ன சூட்சுமம்னா, ஒருத்தன் வேகமா ஏறினா திரையும் கூடவே ஏறும். கீழே நிக்கறவ திரைக்கு வெளியே போயிச் செத்துருவா. எதிரி சுட வேண்டாம், அண்ணன் அவசரப்பட்டாலே போதும். "இருண்ணே, வாரேண்ணே"ன்னு நான் கத்தினது தெருக்கோடி வரைக்கும் கேக்கும். ஒரு வழியாத் தாண்டும்போது கரண்டு போயிரும். திரும்ப முதல்லேருந்து!

தம்பி கேட்டார், "அந்த ஆட்டம் எங்கேயும் போயிடலையே, ஏன் பதறுறீங்க?"ன்னு. போயிருச்சு தம்பி. அமெரிக்காவிலே வீடியோ கேம் வரலாற்றுக்குன்னு ஒரு அமைப்பு இருக்கு. அவங்க 2023-லே ஆராய்ஞ்சு சொன்னாங்க: 2010-க்கு முன்னாடி அந்த நாட்டிலே வெளியான ஆட்டங்கள்லே 100-க்கு 87 இன்னிக்குக் கடையிலே காசு கொடுத்தாலும் கெடையாது. கீழடிப் பகடைக்கு இரண்டாயிரம் வருஷம் ஆச்சு. இதுக்கு அவ்வளவு காலங்கூட ஆகலையேய்யா!

பழைய பாணியிலே புதுசாச் செய்யறதைப் 'போலி'ன்னார் எதிரணித் தலைவர். 2016-லே வந்த 'ஸ்டார்டியூ வேலி', ஒத்தை ஆளா எரிக் பரோன்னு ஒருத்தர் வருஷக்கணக்கா உக்காந்து செஞ்சது. அதே கட்டங்கட்டமான பொம்மை. நெலத்தை உழுது, விதைச்சு, தண்ணி ஊத்தற ஆட்டம். ஆடுபுலிக்குக் கோடு கிழிச்ச கல்லு புதுசா இருந்தா ஆட்டம் போலியாயிருமா?

போன சித்திரைத் திருவிழாவுக்கு அண்ணன் சிங்கப்பூர்லேருந்து வந்திருந்தார். பழைய ஆட்டமெல்லாம் அடங்கின கையளவு டப்பா ஒண்ணு கொண்டு வந்தார். அண்ணன் மகனும் நானும் கான்ட்ரா ஆடினோம். அருவி வந்துச்சு. பய விறுவிறுன்னு ஏறுறான், நான் கீழே. பின்னாலேருந்து எங்கண்ணன் சத்தம் போடறார்: "டேய், அத்தை கீழே நிக்கிறாடா, இருடா!"

நடுவர் மணி அடிச்சுட்டார். எனக்கு இந்த ஒரு உசுருதான் பாக்கி. (கைதட்டல்)